செங்கல்லை வெட்டாத கட்டிடக்கலைஞர்: சிகுர்ட் லெவரென்ட்ஸ்

கேள்வி: சுவீடன் கட்டிடக்கலைஞர் சிகுர்ட் லெவரென்ட்ஸ் ஒரு செங்கல்லைக்கூட வெட்டாமல் தேவாலயம் கட்டினார் என்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் மூலை, ஜன்னல் ஓரம், கூரை வளைவு எல்லாம் எப்படி முடிந்தன? ஆள் யார்?

உண்மைதான். தென் சுவீடனில் ஸ்கோனே மாகாணத்தில் கிளிப்பான் என்றொரு சிறு ஊர். 1962க்கும் 1966க்கும் இடையில் அங்கே உருவான புனித பேதுரு தேவாலயத்தைத்தான் நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்தபோது லெவரென்ட்ஸ் 80 வயதைத் தாண்டியிருந்தார். அந்தக் கட்டிடத்துக்கு அவர் வைத்த நிபந்தனைகள் மூன்று. சுவர், தரை, கூரை வளைவு, பலிபீடம் எல்லாமே செங்கல். எல்லா இடத்துக்கும் ஒரே வழக்கமான அளவுக் கல். மூலைக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்று என்று தனி அச்சில் வார்த்த கல் கிடையாது. சூளையிலிருந்து வந்த கல்லை யாரும் உடைக்கவோ அறுக்கவோ கூடாது.

அப்படியானால் அளவு பொருந்தாத இடத்தில் விட்டுக்கொடுப்பது யார்? சாந்து. பதிலின் சாரம் இந்த ஒரு சொல்தான். ஆனால் சொல்வது எளிது, செய்வது வேறு. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

சுவீடனின் வழக்கமான செங்கல் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 6 செ.மீ.க்குச் சற்று மேல் உயரம். கணக்குக்கு 250, 120, 65 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கட்டுமானத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 10 மி.மீ. சாந்து. இந்தச் சாந்து இடுக்கைத்தான் ஜாயின்ட் என்பார்கள். ஜன்னலுக்கும் மூலைக்கும் இடையே 3 மீட்டர் சுவர் வருகிறது. நீளவாட்டில் 11 கல் வைத்தால் நடுவிலுள்ள 10 ஜாயின்ட்களையும் சேர்த்து 2,850 மி.மீ. வரும். மிச்சம் 150 மி.மீ. எந்தக் கொத்தனாரும் இங்கே யோசிக்கமாட்டார். கரண்டியின் விளிம்பால் ஒரு தட்டு, அரைக்கல்லுக்குச் சற்றுப் பெரிய ஒரு துண்டு, வரி முடிந்தது.

வெட்டக்கூடாது என்றால் இரண்டு வழி. முதல் வழி, ஒரு கல்லைக் குறுக்காகத் திருப்புவது. அதன் அகலம் 120. அதோடு ஒரு ஜாயின்ட் 10. மீதி 20 மி.மீ.யை 11 ஜாயின்ட்களுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 12 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் சுவர் ஒரு முழுக் கல் கனமாவது இருந்தால்தான் இது நடக்கும். அரைக்கல் சுவரில், அதாவது கல்லின் அகலமே கனமாக உள்ள சுவரில், திருப்பிய கல்லின் பாதி பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது வழி, 150 மி.மீ. முழுவதையும் 10 ஜாயின்ட்களிலேயே போட்டுவிடுவது. ஒவ்வொன்றும் 25 மி.மீ. ஆகிவிடும். அப்போது பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது சாந்துதான். லெவரென்ட்ஸ் அஞ்சாமல் போனது இந்த இரண்டாவது வழியில். கிளிப்பானில் சில இடங்களில் ஜாயின்ட் கல்லின் உயரத்தோடு போட்டி போடும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் விரல் நுழையாத அளவுக்கு ஒடுங்கியிருக்கும். ஒரே சுவரில் இரண்டும் இருக்கும்.

உயரத்திலும் இதே கதை. 12 வரி வைத்தால் 900 மி.மீ. கதவின் மேல்விளிம்பு 960இல் வந்தால் வரிக்கு 5 மி.மீ. கூட்டி, படுக்கை ஜாயின்ட்டை 15 மி.மீ. ஆக்க வேண்டும். இதில் யாரும் முன்கூட்டி எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று உண்டு. நிமிர்ந்த ஜாயின்ட் ஒவ்வொன்றும் வெவ்வேறு அகலமாக இருந்தால், ஒரு வரியின் ஜாயின்ட் கீழ்வரியின் ஜாயின்ட்டுக்கு நேர்மேலே நகர்ந்து வந்துவிடும். இரண்டு மூன்று வரிகளில் அப்படி நேர்கோடு விழுந்தால் விரிசல் அந்தக் கோட்டிலேயே ஓடும். கல்லுக்குக் கல் கால் பங்காவது ஏறி உட்கார வேண்டும். முக்கால் கல் துண்டு வைத்துக்கொண்டால் இதைச் சரிசெய்வது சுலபம். அந்தத் துண்டுக்கும் அனுமதி இல்லாதபோது, கொத்தனார் அடுத்த நாலைந்து கல் தள்ளி என்ன வரும் என்று பார்த்துத்தான் இப்போதைய கல்லை வைக்க முடியும். நூல் கட்டிப் பிடித்துக்கொண்டு போவதற்குப் பழகிய கைக்கு இது முற்றிலும் வேறு வேலை.

செலவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. வெட்டவில்லை, கழிவு இல்லை, எனவே மலிவு என்று சிலர் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைக்கல் கனச் சுவரில் 10 மி.மீ. ஜாயின்ட் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 51 கல், 20 லிட்டர் சாந்து. ஜாயின்ட் 30 மி.மீ. ஆனால் கல் 38க்கு இறங்கிவிடும். சாந்து 47 லிட்டராக ஏறும். சுவரின் முகத்தில் சாந்தின் பங்கு ஆறில் ஒன்றாக இருந்தது பத்தில் நான்காகிவிடுகிறது. கல் மிச்சமாகிறது, சரி. ஆனால் கூலியும் நேரமும் மிச்சமாவதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பலம். சாந்து கல்லைவிட மென்மையானது. மேலிருந்து பாரம் அழுத்தும்போது அது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். கல்லோடு ஒட்டியிருப்பதால் கல்லையும் சேர்த்து இழுக்கும். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, செங்குத்தாகப் பிளக்கும். ஜாயின்ட் தடிக்கத் தடிக்க இந்த இழுவையும் கூடும். 10 மி.மீ. என்ற வழக்கம் அழகுக்காக வந்ததல்ல. எனவே தடித்த ஜாயின்ட் போடுகிறவர் சுவருக்குக் கனத்தைக் கொடுக்க வேண்டும், பாரத்தைக் குறைக்க வேண்டும். லெவரென்ட்ஸின் சுவர்கள் கனமானவை, கட்டிடம் தாழ்வானது, கூரையின் பாரத்தில் பெரும்பகுதி இரும்புக்குப் போகிறது. கிளிப்பானின் சுவர்கள் நிற்பதற்கு இந்த மூன்றையும் சேர்த்தே காரணம் சொல்ல வேண்டும்.

அடுத்தது கலவையின் பதம். சாதாரணப் பதத்தில் தளதளவென்று கலந்து 30 மி.மீ. போட்டால், மூன்றாவது வரி வைப்பதற்குள் முதல் வரி பிதுங்கி வெளியே வழியும். அந்தப் பக்கத்துச் சூளைகளின் கல் போல நன்றாக வெந்து கறுத்த கல் என்றால் இன்னும் மோசம். அது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. ஈரச் சாந்தின் மேல் வழுக்கிக்கொண்டு மிதக்கும். எனவே அங்கே கலவையைத் தண்ணீர் குறைத்து, கிட்டத்தட்டப் புட்டுமாவுப் பதத்துக்குக் கெட்டியாகக் கலந்தார்கள். ஸ்லேட் கல்லைப் பொடித்துச் சேர்த்தார்கள். சாந்து கல்லுக்குப் பக்கத்தில் பளிச்சென்று வெள்ளையடிக்காமல் மங்கிப்போனதற்கு அந்தப் பொடியும் ஒரு காரணம். கெட்டிக் கலவைக்கு ஒரு பலவீனம் உண்டு: கையால் அழுத்தி நிரப்பாவிட்டால் உள்ளே பொந்து விழும், மழைநீர் அதைக் கண்டுபிடித்துவிடும். தண்ணீர் குறைவாக இருப்பதால் வெயில் காற்றில் சீக்கிரம் காய்ந்து பொடியாகவும் உதிரும். மூடிவைத்து ஈரம் காக்க வேண்டும். ஒரே நாளில் சில வரிகளுக்கு மேல் ஏற்றவும் கூடாது.

பிறகு முகம். வழக்கமாக ஜாயின்ட்டின் வெளியோரத்தைச் சுரண்டி எடுத்து, வேறு சாந்தால் நிரப்பி நேர்த்தியாகப் பாயின்டிங் செய்வார்கள். ஒவ்வொரு கல்லும் கோடு போட்டதுபோலத் தெரியும். லெவரென்ட்ஸ் சாந்தைக் கல்லின் முகம் வரை நிரப்பி, அது இறுகத் தொடங்கும் வேளையில் சாக்குத் துணியால் தேய்க்கச் சொன்னார். கொஞ்சம் சாந்து கல்லின் மேலேயும் அப்பும். கல்லின் விளிம்பு கூர்மையை இழக்கும். நூறு கல் சேர்ந்த சுவர் போலத் தெரியாமல், ஒரே பொருளில் வார்த்தது போன்ற மேற்பரப்பு கிடைக்கும். இதில் நேரம்தான் எல்லாம். முன்கூட்டித் தேய்த்தால் கல் முழுதும் சேறு; தாமதித்தால் சாக்கு கிழியும், சாந்து நகராது. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் கட்டிடத்தில் தொடங்காமல், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் குறைந்தது மூன்று மாதிரிச் சுவர்கள் கட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நேரத்தில் தேய்த்து, காய்ந்தபின் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஈரத்தில் அழகாகத் தெரிவது காய்ந்ததும் வெளிறிப்போகும்.

கூரைக்கு வருவோம். தேவாலயத்தின் பிரதான அறை சதுரம். பக்கம் ஏறக்குறைய 18 மீட்டர். நடுவே, ஆனால் சரியான மையத்தில் இல்லாமல், துருப்பிடித்த நிறத்தில் ஒரு இரும்புத் தூண். அதன் தலையில் குறுக்கு உத்தரம், அதன்மேல் இன்னும் உத்தரங்கள். பார்க்கிறவருக்கு ஆங்கில T எழுத்தாகவும் தெரியும், சிலுவையாகவும் தெரியும். அவர் எதையும் விளக்கிச் சொல்லிவைக்கவில்லை, நானும் விளக்கப்போவதில்லை. உத்தரங்களுக்கு இடையே தாழ்ந்த செங்கல் வளைவுகள். அவை ஒரே அகலத்தில் ஓடுவதில்லை. ஒரு முனையில் விரிந்து மறுமுனையில் ஒடுங்குகின்றன. வழக்கமான முறையில் இதற்கு ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் வேண்டும். இங்கே ஆப்பு சாந்துதான்: கல் முழுசாக நிற்கும், ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஜாயின்ட்கள் வளைவையும் விரிவையும் உண்டாக்கும். கீழே பலகைச் சாரம் அடித்து, அதன்மேல் கல்லைப் பரப்பி, இடுக்குகளை நிரப்புவதுதான் இந்த வகை வளைவுக்கு முறை. சாரத்தை அவசரப்பட்டுப் பிரித்தால் கல்லே விழலாம். விழாவிட்டாலும் ஜாயின்ட் இறங்கும், அதைத் திருத்த வழியில்லை.

தரையும் சமம் இல்லை. பலிபீடத்தை நோக்கி மெல்லச் சரிகிறது. ஞானஸ்நானம் கொடுக்கும் இடத்தருகே வீங்கி எழும்பிப் பிளந்ததுபோல இருக்கிறது. அந்தப் பிளவில் தண்ணீர். மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு பெரிய கடல்சிப்பி. சிப்பியிலிருந்து சொட்டும் நீர் பிளவுக்குள் விழும் சத்தம் இருட்டில் கேட்டுக்கொண்டேயிருக்கும். மக்கள் வரிசையாக முன்னோக்கி உட்காராமல் பலிபீடத்தைச் சூழ்ந்து உட்காருகிற பழைய வழிபாட்டு முறைக்கு இந்தச் சதுர அறை தோதானது. இந்த விஷயத்தில் லெவரென்ட்ஸுக்குத் துணை நின்றவர் அவருடைய நண்பரான பாதிரியார் லார்ஸ் ரிட்டர்ஸ்டெட்.

சுவரை வெட்டக்கூடாது என்ற விதிக்கு இன்னொரு விளைவும் உண்டு. மின்கம்பிக் குழாய்க்குச் சுவரில் காடி எடுக்க முடியாது. எல்லாக் குழாயும் வெளியே தெரிய ஓடும். அதை மறைக்க முடியாதபோது ஒழுங்காக ஓட வைப்பதுதான் வழி. எலக்ட்ரீஷியன் இஷ்டத்துக்கு விட்டால் அது குடலாகத் தெரியும்; முன்கூட்டி வரைந்து கொடுத்தால் அதுவும் கட்டிடத்தின் உறுப்பாகிவிடும்.

இதையெல்லாம் வரைபடத்தில் எழுதி அனுப்பிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த வயதிலும் அவர் வேலை நடக்கும் இடத்துக்கு ஓயாமல் வந்துகொண்டிருந்தார். இந்த முறையின் உண்மையான விலை அதுதான். இவரைப் பின்பற்றிக் கட்டுகிறேன் என்று சொல்கிற பலரும் தடித்த ஜாயின்ட்டை எடுத்துக்கொள்கிறார்கள், வேலையிடத்தில் நிற்பதை விட்டுவிடுகிறார்கள். விளைவு, கைவராத கொத்தனார் கட்டிய சுவர் போலவே இருக்கும்.

சரி, ஆள் யார்?

1885 ஜூலை 29இல் வட சுவீடனில், ஓங்கர்மன்லாந்துப் பகுதியில் பிறந்தார். அப்பா சாண்டோ கண்ணாடித் தொழிற்சாலையை நடத்தியவர். கண்ணாடியும் சூளையும் பார்த்து வளர்ந்த பையன் யோத்தபோரியின் சால்மர்ஸ் கல்லூரியில் முதலில் படித்தது பொறியியல். பிறகு ஜெர்மனியில் பெர்லினிலும் மூனிக்கிலும் கட்டிடக்கலைஞர்களிடம் வேலை. மூனிக்கில் தியோடர் ஃபிஷரிடம் இருந்திருக்கிறார். 1910இல் ஸ்டாக்ஹோம் கலைக்கழகத்தின் பழைய பாடமுறை பிடிக்காமல் சில மாணவர்கள் வெளியேறி, தங்களுக்குப் பிடித்த மூத்தவர்களைத் தாங்களே ஆசிரியர்களாக அமர்த்தி ஒரு பள்ளி நடத்தினார்கள். கிளாரா பள்ளி என்று பெயர். ஒரு வருடம் போல நடந்தது. அதில் லெவரென்ட்ஸும் இருந்தார், அதே 1885இல் பிறந்த குன்னார் அஸ்ப்ளுண்டும் இருந்தார்.

இந்த இருவரும் சேர்ந்து 1915இல் ஸ்டாக்ஹோமின் தெற்கே புதிய இடுகாட்டுக்கான போட்டியில் வென்றார்கள். பழைய சரளைக் குழிகளும் பைன் மரங்களும் நிறைந்த நிலம் அது. மற்றவர்கள் அதைப் பூங்காவாக்கப் பார்க்க, இவர்கள் காட்டைக் காடாகவே விட்டு அதற்குள் கல்லறைகளைப் போட்டார்கள். 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே லெவரென்ட்ஸ் கையைப் பார்க்க வேண்டுமென்றால் ஏழு கிணற்றுப் பாதைக்குப் போக வேண்டும். 888 மீட்டர் நேர்கோடு. தொடக்கத்தில் வெளிர் நிறப் பிர்ச் மரங்கள், பிறகு பைன், கடைசியில் இருண்ட ஸ்ப்ரூஸ்; நடக்க நடக்க வெளிச்சம் குறையும். முடிவில் உயிர்த்தெழுதல் சிற்றாலயம், 1925. அதன் முன்மண்டபத்தில் 12 தூண்கள். மண்டபம் ஆலயத்தோடு ஒட்டவில்லை. நடுவே ஒரு சந்து, கோணமும் துளி விலகியிருக்கிறது. உள்ளே உயர்ந்து ஒடுங்கிய அறைக்குத் தெற்குப் பக்கம் ஒரே ஒரு பெரிய ஜன்னல். துக்கத்தோடு வருகிறவர்கள் வடக்கே நுழைந்து, மேற்கே வேறொரு சிறிய கதவால் வெளியேறுகிறார்கள். வந்த வழியே திரும்புவதில்லை.

அப்போதே தெரிகிறது, இரண்டு பொருள் சந்திக்கிற இடத்தில் இவர் ஒட்டவைக்கமாட்டார், பக்கத்தில் நிறுத்துவார் என்று. செவ்வியல் பாணியில் கட்டியவர் திடீரென்று முதுமையில் செங்கல் ஞானியாகிவிட்டார் என்று எழுதுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தூணும் சுவரும் தொடாமல் நின்றது 1925இல். கண்ணாடியும் செங்கல்லும் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் நின்றது 1966இல், கிளிப்பான் ஜன்னலில்; அதைப் பின்னால் விளக்குகிறேன். ஒரே புத்திதான்.

1930 ஸ்டாக்ஹோம் கண்காட்சிக்கு அஸ்ப்ளுண்ட் தலைமைக் கட்டிடக்கலைஞர். சின்னமும் சுவரொட்டிகளும் லெவரென்ட்ஸ். ஸ்டாக்ஹோமில் அரசு காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர் கட்டி 1932இல் முடித்த கட்டிடம் தெருவிலிருந்து பார்த்தால் அடக்கமான சதுரப் பெட்டி. உள்ளே போனால் முற்றம் முட்டை வடிவம். மால்மோ நகர நாடக அரங்கம் 1944இல் திறந்தது; அதை எரிக் லல்லர்ஸ்டெட், டேவிட் ஹெல்டேன் இருவரோடும் சேர்ந்து செய்தார். ஆனால் இதற்கிடையே, 1930களின் நடுவில், ஸ்டாக்ஹோம் இடுகாட்டின் பெரிய தகனக்கூடத்தை நிர்வாகம் அஸ்ப்ளுண்டிடம் மட்டும் கொடுத்துவிட்டது. இருபது வருடம் சேர்ந்து உழைத்த வேலையிலிருந்து லெவரென்ட்ஸ் வெளியே. இவரது மெதுவான வேலைமுறை நிர்வாகத்துக்கு ஒத்துவரவில்லை. நண்பர்களின் உறவும் அதோடு முறிந்தது. அஸ்ப்ளுண்ட் 1940இல், தகனக்கூடம் முடிந்த வருடமே, இறந்தார்.

இந்த இடத்திலிருந்து பலருடைய கட்டுரை இருபது வருடம் தாண்டிக் குதித்துவிடும்: ஒதுங்கினார், மௌனமானார், பிறகு தேவாலயம் கட்டினார் என்று. உண்மையில் அந்த வருடங்களில் அவர் தொழிற்சாலை நடத்தினார். இடெஸ்டா என்று பெயர். 1940களில் எஸ்கில்ஸ்துனா நகரில் இருந்தது. எஸ்கில்ஸ்துனா பழைய இரும்புப் பட்டறை ஊர். கத்தியும் பூட்டும் செய்யும் ஊர். அங்கே அவர் தானே வடிவமைத்த உலோக ஜன்னல், கதவு, கைப்பிடி வகைகளைச் செய்து விற்றார். ஜன்னல் சட்டம் எங்கே அழுகும், கண்ணாடி எங்கே ஒழுகும், எந்த மூலையில் காசு வீணாகும் என்பதெல்லாம் மாதக் கணக்கில் கூலி கொடுத்துக் கற்றுக்கொண்ட ஆள். அதனால்தான் கிளிப்பானில் சட்டத்தையே தூக்கி எறிய முடிந்தது.

அந்த ஜன்னலை விளக்க வேண்டும். சுவரில் செவ்வகத் துளை. அதற்குள் மரச்சட்டமும் இல்லை, இரும்புச் சட்டமும் இல்லை. துளையைவிடச் சுற்றிலும் பெரியதாக, ஓரம் அடைத்து மூடிய இரட்டைக் கண்ணாடியை வெளிப்புறச் சுவர்முகத்தின் மேலேயே சாய்த்து, நடுவில் பிசின் போன்ற அடைப்பு வைத்து, சில உலோகக் கொக்கிகளால் பிடித்துவைத்தார். உள்ளிருந்து பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது. செங்கல் விளிம்பு, அதைத் தாண்டி வானம். வெளியிலிருந்து பார்த்தால் சுவரில் ஒட்டிய பளபளப்பான வில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் இப்படித் தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் இரட்டைக் கண்ணாடி பரவலானது. அது இல்லாமல் இந்த யோசனை சாத்தியமில்லை. ஒற்றைக் கண்ணாடி என்றால் சுவீடன் குளிரில் உள்பக்கம் தண்ணீராக வழியும்.

பின்பற்ற நினைப்பவர் கவனிக்க வேண்டியவை பல. சாக்கால் தேய்த்த செங்கல் முகம் மேடுபள்ளமானது. அடைப்பின் கனம் ஒரே சீராக வராது. மெலிந்த இடத்தில் முதலில் பிளக்கும். மேல்விளிம்பில் சுவரில் வழியும் மழை கண்ணாடிக்குப் பின்னே போகப் பார்க்கும். அங்கேதான் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். கண்ணாடியின் எடையைக் கீழே இரண்டு தாங்கிகள் ஏற்க வேண்டும். கொக்கிகளுக்குப் பிடிக்கிற வேலை மட்டும். எல்லா எடையையும் கொக்கியில் தொங்கவிட்டால் மூலை வெடிக்கும். கண்ணாடியின் ஓர அடைப்பு சாதாரணமாகச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். இங்கே வெயில் நேராகப் படும். வெயிலில் அது சிதைந்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி படரும், துடைக்க முடியாது. நல்ல பக்கமும் உண்டு: உடைந்தால் வெளியிலிருந்து கொக்கியைக் கழற்றிப் புதியதை மாட்டலாம், சுவரைத் தொடவே வேண்டாம். சட்டத்துக்குள் பதித்த கண்ணாடியை மாற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கிளிப்பானுக்கு முன்னால் ஒரு ஒத்திகை நடந்தது என்றே சொல்லலாம். 1956இல் ஸ்டாக்ஹோமின் தெற்குப் புறநகர் பியோர்க்ஹாகனில் புனித மாற்கு தேவாலயத்துக்கான போட்டியில் வென்றார். 1960இல் முடிந்தது. பிர்ச் மரத் தோப்பு, தாழ்ந்த ஈர நிலம், மரங்களுக்கு நடுவே ஹெல்சிங்போர்க் வட்டாரத்தின் கறுத்த செங்கல்லில் நீண்ட சுவர்கள். வெட்டாத கல், தேய்த்த சாந்து, உத்தரங்களுக்கிடையே தாழ்ந்த வளைவுகள் எல்லாம் இங்கேயே வந்துவிட்டன. சுவீடனின் காஸ்பர் சாலின் கட்டிடக்கலைப் பரிசை 1962இல் முதன்முதலாகப் பெற்ற கட்டிடம் இதுதான். இரண்டையும் ஒப்பிட்டால் புனித மாற்கு இதமானது, மரநிழல் அதைக் காப்பாற்றுகிறது. கிளிப்பான் கடுமையானது. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு நான் புனித மாற்கையே சொல்வேன். நேராகக் கிளிப்பான் போனால் இருட்டு மட்டும்தான் நினைவிருக்கும்.

மால்மோவின் கிழக்கு இடுகாட்டை விட்டுவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. அந்தப் போட்டியில் அவர் வென்றது 1916இல். அங்கே அவர் கடைசியாகக் கட்டியது 1969இல். ஒரே இடத்தில் அரை நூற்றாண்டு. தட்டையான வயல்நிலத்தில் ஓடிய ஒரே ஒரு மேட்டை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, கீழே கல்லறைகளை வேலிச்செடிகளால் சூழ்ந்த அறைகளாகப் பிரித்தார். 1926இல் புனித பிரிகித்தா சிற்றாலயம். 1940களின் தொடக்கத்தில் புனித கெர்ட்ருட், புனித க்னூட் என்ற இரட்டைச் சிற்றாலயங்கள். கடைசியில், 84 வயதில், வாயிலருகே ஒரு பூக்கடை.

அந்தப் பூக்கடை சின்னஞ்சிறியது. வார்த்த கான்கிரீட் சுவர், பூச்சு இல்லை. ஒருபக்கம் சாய்ந்த செப்புத்தகட்டுக் கூரை. கிளிப்பான் ஜன்னல் இங்கே இன்னும் துணிச்சலாக வருகிறது: பெரிய கண்ணாடிகள் கான்கிரீட் முகத்தின் மேல் அப்படியே கொக்கியில். கான்கிரீட் முகம் செங்கல்லைவிடச் சீரானது என்பதால் அடைப்பும் இங்கே ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே மின்கம்பிக் குழாய்கள் சுவரெங்கும் கொடிபோல் படர்ந்து ஒவ்வொரு விளக்குக்கும் போகின்றன. எந்தக் குழாய் எந்த விளக்குக்கு என்று விரலால் பின்தொடர்ந்துகொண்டே போகலாம்.

1975 டிசம்பரில், 90 வயதில், லுண்ட் நகரில் இறந்தார். தன் வேலையைப் பற்றி அவர் எழுதி வைத்தது அநேகமாக ஒன்றுமில்லை.

நேரில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஹெல்சிங்போர்க்கிலிருந்து கிளிப்பானுக்கு ரயில் இருக்கிறது. வெயில் அதிகமான பகலில் போகாதீர்கள். வெளிவெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்தால் கண் பழகவே பத்து நிமிடம் ஆகும். நுழைந்ததும் தூணைப் பார்க்காமல், வாசல் பக்கத்துச் சுவரில் ஏதாவது ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக ஜாயின்ட்களை மட்டும் எண்ணிக்கொண்டு போங்கள். எந்த வரியில் கொத்தனார் தடுமாறினார், எந்த வரியில் சமாளித்தார் என்பது பத்து வரிக்குள் கண்ணில் படத் தொடங்கும்.